புஷ்பமேரியின் பாதி

அக்டோபர் பிறந்தால் நெல்லித்தோப்பில் மாதா வீடு வீடாகப் போவாள். அக்கம்பக்கத் தெருக்களில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு அன்பியம் என்று பெயர். கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் மாதா சுரூபத்தை அவர்கள் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, சுண்டலும் டீயும் முடித்துக் கலைவார்கள். ஒரே ஜெபத்தைப் பத்துப் பத்து முறையாக ஐந்து சுற்றுச் சொல்வதுதான் ஜெபமாலை. அந்த ஐந்து பத்துகளில் மூன்றாவது பத்து அந்த வீட்டுக்காரர்களுடையது. புருஷன் ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்லுவார். பெண்சாதி ‘தூய மரியே’ என்று மறுபாதியை எடுப்பாள். கூட்டம் அவள் குரலோடு சேர்ந்துகொள்ளும். எந்தக் காலத்தில் யார் வைத்த வழக்கமோ, இதுவரை மீறினவர்கள் இல்லை.

அமலநாதன் வீட்டு முறை நெருங்கியபோது, அன்பியப் பொறுப்பாளர் ஜோசப் ஆனந்த் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

“நேவி மாமா, இந்த வருஷம் உங்க வூட்டத் தாண்டி அடுத்த வூட்டுக்குப் போயிடலாமான்னு… அத்தைக்கு ஒடம்பு இப்படி இருக்கறப்ப நாங்க கூட்டமா வந்து…”

“ஏன், மாதாவுக்கு எங்க வூட்டு வழி மறந்துடுச்சா?” என்றார் அமலநாதன்.

“அதுக்கில்ல மாமா.”

“வரச் சொல்லுப்பா.”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த புஷ்பமேரியின் கை நின்றது. மருமகள் மெரின் அதைப் பார்த்தாள். புஷ்பமேரி பக்கத்தில் கிடந்த சிலேட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதி, கூடத்துக்கு நடந்து போய், கணவர் முகத்துக்கு நேரே பிடித்தார். ‘வேண்டாம்.’

அமலநாதன் அதைப் படித்தார். படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அவர் சும்மா இருக்கும்போது மற்றவர்கள் பேச முடியாது. அந்த வீட்டில் அது ஒரு வானிலை மாதிரி, எல்லாரும் அதற்குள் நின்று காத்திருப்பார்கள்.

மெரின் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், மாமனாரைக் கண்டு பயந்ததற்கு இந்த மௌனம்தான் காரணம். உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவளுக்கு, துண்டை நான்காக மடித்து அதன் ஓரம் கொடிக்கயிற்றுக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் மனிதர் விசித்திரமாகத் தெரிந்தார். “உங்கப்பா கேப்டனா இருந்தாரா?” என்று கணவன் லூர்துபிரகாஷைக் கேட்டாள். “வூட்லதான் கேப்டன். கப்பல்ல சிக்னல்மேன்” என்றான் அவன்.

அமலநாதன் மில் தொழிலாளியின் மகன். பள்ளி முடித்த கையோடு இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவர்களை ஊரில் சொல்தா என்பார்கள், அவர்களுடைய பென்ஷனுக்குத் தனி மரியாதை. “நம்ம நாட்டுக் கப்பலுக்குப் போறியே, அதுல என்னாடா கெடைக்கும்?” என்று தெரு கேட்டதாம். கிடைத்தது விசாகப்பட்டினம், கொச்சி, அந்தமான், நடுக்கடலில் ஒரு விளக்கு. ராத்திரியில் எதிரே வரும் கப்பலோடு விளக்கைச் சிமிட்டிப் பேசுவது அவர் வேலை. கல்யாணமான சில நாளிலேயே விடுப்பு முடிந்து கிளம்பினார். இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது அவர் தண்ணீரில் இருந்தார். மகள் ஆஷ்லின் முதல்முறை அவரைப் பார்த்து அலறி அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்தாளாம்.

சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று வந்த பிறகு, விட்டுப்போன வருஷங்களையெல்லாம் வட்டி போட்டுத் திருப்பித் தருபவர் மாதிரி வீட்டோடு ஒட்டிக்கொண்டார். விடியலில் கோயில் பூசை. திரும்பும் வழியில் பால், கீரை. வாரத்தில் ஒரு நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கித் திகைத்து நிற்பவர்களை அந்தந்த இடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைப்பது. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மெரினுக்கே, அவள் பள்ளியில் ஆயா வேலை பார்க்கும் மணியம்மாள் ஒருநாள் “எங்க ஊட்டுக்காரருக்குக் கை புடிச்சி வழி காட்டினவரு உன் மாமனாரா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அதே ஆஸ்பத்திரிக்குத் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் போக வேண்டி வந்தது. புஷ்பமேரியின் தொண்டையில் கட்டி. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு பருத்தித் துணி. அவ்வளவுதான் மிச்சம்.

புஷ்பமேரியின் குரல் இனிமையான குரல் இல்லை. பெரிய குரல். பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலை அவர் எடுத்தால் மைக் வேண்டாம். தெருக்கோடியில் போகும் மீன்காரியைக் கூடத்தில் இருந்தபடியே நிறுத்துவார். கணவர் கடலில் இருந்த காலமெல்லாம் அந்த வீட்டுக்கு அப்பாவும் அம்மாவுமாக இருந்தது அந்தக் குரல்தான். அது போன பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குத் தவிர கேட்டைத் தாண்டவில்லை. கழுத்தில் வைத்துப் பேசச் சொல்லி ஒரு கருவி கொடுத்தார்கள். அதை ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்து, அதிலிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு, அலமாரிக்குள் போட்டு மூடினார். தலையணைக்கு அடியில் இருந்த ஜெபமாலையும் அதே அலமாரிக்குப் போனது. ‘சத்தம் இல்லாம என்ன ஜெபம்’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

துளையைச் சுத்தம் செய்வது, அதில் செருகும் குழாயைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, கஞ்சியை வடிகட்டுவது, கழுத்துத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் அமலநாதன் தானே செய்தார். “நான் செய்றேன் மாமா” என்று மெரின் கேட்டபோது, “நீ இஸ்கூலுக்குப் போம்மா. இது என் டூட்டி” என்றார். சாயங்காலம் விளக்கேற்றியதும் கட்டிலின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜெபமாலையைத் தொடங்கினார். ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்வார். பிறகு நிறுத்துவார். கொஞ்ச நேரம் வீடே சும்மா இருக்கும். மறுபடியும் முதல் பாதி.

சமையலறையில் இருந்து கேட்ட மெரின், அவருக்கு வார்த்தை மறந்துபோகிறது என்று நினைத்தாள். ஒருநாள் மனசு கேட்காமல், அவர் நிறுத்திய இடத்தில் தான் எடுத்துச் சொன்னாள். “தூய மரியே…” இரண்டாம் முறை சொல்வதற்குள் அவர் சமையலறை வாசலில் நின்றார். கோபம் இல்லை.

“மெரின், அது உங்க அத்தையோடதும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது லூர்துபிரகாஷ் சிரித்தான். “அது இவங்க ரெண்டு பேருக்கும் பழைய பழக்கம். அப்பா கப்பல்ல இருக்கறப்ப முதல் பாதி சொல்லிட்டு, அம்மா பாதிக்குச் சும்மா நிப்பாராம். இங்க அம்மா, அப்பா பாதிக்குச் சும்மா இருந்துட்டு, அப்புறம் தன் பாதியச் சொல்லுவாங்க. என்னையும் ஆஷ்லினையும் முட்டி போட வச்சி, ‘உஷ், அப்பா சொல்லிக்கினு இருக்காரு’ம்பாங்க. பாதி ஜெபமால ஊமையாவே போவும். நான் அந்த கேப்ல தூங்கி விழுவேன்.”

மெரின் சிரிக்கவில்லை. இங்கே விளக்கு வைக்கும் நேரமும் அங்கே அவருக்கு வேலை ஓய்ந்த நேரமும் ஒன்றாக இருந்திருக்குமா? இங்கே அத்தை விட்ட மௌனம் அங்கே மாமா சொன்ன வார்த்தையோடு ஒருநாளாவது போய்ச் சேர்ந்திருக்குமா? இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இடம் விட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். அவள் அதை நினைத்தபடி பாத்திரம் தேய்த்தாள்.

ஆடி கழிந்து ஒரு மாலையில், கட்டில் பக்கம் இருந்து ஜெபமாலை மணிகள் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது புஷ்பமேரி சுவர்ப்பக்கம் இருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். உதடு அசைந்தது. அமலநாதனின் கண், மனைவியின் கட்டைவிரல் மணியைத் தள்ளும் இடத்தில் இருந்தது.

இப்போது, மாதாவை வரச் சொல்லி, அமலநாதன் அந்த ஜெபத்தைக் கூட்டத்தின் நடுவில் வைக்கப் பார்க்கிறார்.

“அப்பா, அம்மாதான் வேணாம்னு எழுதிட்டாங்களே” என்றான் லூர்துபிரகாஷ். “எல்லாரும் ‘அய்யோ பாவம்’னு பாக்கறதுக்கு அவங்கள நடுக்கூடத்துல உக்கார வைக்கணுமா? இப்பதான் கொஞ்சம் தேறி வராங்க. மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துட்டா யாரு எழுப்பறது?”

“வருஷாவருஷம் அந்தந்த வூட்ல போய்ப் பாடினவ. இப்ப மாதா நம்ம வாசல்ல நிக்காம போனா, அடுத்த வருஷமும் தாண்டித்தான் போவாங்க. அப்புறம் இந்த வூடே கணக்குல இருக்காது.”

“அம்மா பாதிக்குக் கூட்டம் சும்மா இருக்குமா? இது உங்க கப்பல் இல்ல.”

“சொல்லி வைக்கறேன்” என்றார் அவர்.

பிறகு மனைவியின் அறைக்குப் போனார். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க வந்த மெரின் வெளியேறுவதா நிற்பதா என்று தெரியாமல் அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“உள்ளயே இருக்கணும்னா இரு புஷ்பம். யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றார். “ஆனா உன் பாதிய வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். காலியாவே வுடுவேன்.”

புஷ்பமேரி வெகுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு மெரினின் கையில் இருந்த அடுக்கில் இருந்து வெளிர்நீலக் கழுத்துத் துணி ஒன்றை உருவி எடுத்து வைத்துக்கொண்டார்.

மாதா வந்த சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. செருப்புகள் தெருவரை கிடந்தன. அமலநாதன் முன்னதாகவே ஜோசப் ஆனந்திடம் சொல்லி, ஜோசப் ஆனந்த் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்: மூன்றாவது பத்தில் யாரும் பதில் சொல்லக்கூடாது, அது அத்தை மனசுக்குள் சொல்வது. எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். பக்கத்துத் தெரு ஆயம்மா, பாடகர் குழுவில் புஷ்பமேரியின் தோளோடு தோள் நின்று பாடினவள், “எனக்கே சொல்றியா? அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று சண்டைக்கே வந்தாளாம்.

புஷ்பமேரி நீலத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து, கணவருக்குப் பக்கத்தில், மாதாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். யாரும் அவரை நேராகப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அந்தப் பாடு, பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

முதல் இரண்டு பத்துகள் போயின. ஜோசப் ஆனந்த், “மூன்றாவது, வீட்டுக்காரர்கள்” என்று சொல்லி ஒதுங்கினார்.

அமலநாதன் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

பிறந்ததில் இருந்து அந்த வார்த்தைகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்கள். தூக்கத்தில் கேட்டாலும் பதில் சொல்லும் வாய்கள். ஆயம்மாவின் வாய் தானாகத் திறந்தது. “தூய மரியே” என்று அவள் தொடங்கியதும், பின்னால் இருந்தவர்கள், பிறகு வாசலில் நின்றவர்கள், மொத்தக் கூட்டமும் ஒரே குரலாக அதைச் சொல்லி முடித்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தப்பு தெரிந்து முகங்கள் மாறின. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. ஆமென் வரைக்கும் போய்த்தான் நின்றார்கள்.

புஷ்பமேரி கையில் இருந்த மணியைப் பார்த்தார். எழுந்தார். யார் மேலும் படாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லூர்துபிரகாஷ் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ‘சொன்னேன் இல்ல’ என்பது இருந்தது. ஆயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நான் பாவி, நான் பாவி” என்று முனகினாள். ஜெபமாலையை நடுவில் நிறுத்தும் வழக்கம் இல்லாததால், ஜோசப் ஆனந்த் அடுத்ததைத் தொடங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அமலநாதன் தொடங்கவில்லை.

“ஒக்காருங்க, யாரும் பயப்படாதீங்க” என்றார். “வாய் கேக்கல, அவ்வளவுதான். சின்னதுல இருந்து பழகினது, அது உங்க தப்பில்ல. நான் ஒரு ஒத்திகை வச்சிருக்கணும்.” யாரோ மூக்கால் சிரித்து அடக்கினார்கள். “கப்பல்ல ஒருத்தன் வாட்ச் டூட்டில நின்னான்னா, மாத்து ஆள் வந்து நின்னப்புறந்தான் எறங்குவான். வரலன்னா அவன் எடம் அவனுதுதான். புஷ்பத்த இங்க யாரும் மாத்தல. எங்க நின்னு சொன்னாலும் அது அவ எடம். மறுபடியும் மொதல்ல இருந்து தொடங்கறேன்.”

சொல்லிவிட்டுத் தொடங்கினார். முதல் பாதி. நிறுத்தினார்.

இந்த முறை ஜோசப் ஆனந்த் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆயம்மா முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது. ஜெபத்துக்குக் கூடின அத்தனை பேர் சேர்ந்து சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று மெரினுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அமலநாதனின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பார்த்துத் தொடர்வதற்கு ஒரு கட்டைவிரல் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எதையோ கேட்டவர் மாதிரி, அடுத்ததைச் சொன்னார்.

மெரின் மெதுவாக எழுந்து உள்ளே போனாள்.

புஷ்பமேரி சமையலறையில் இருந்தார். ஃப்ரிட்ஜில் தோளைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்து வந்த மெரின் நின்ற இடத்திலேயே நின்றாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் எதுவும் இல்லை, கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. ஆமென் என்று உதடு மூடியது. விரல் மணியைத் தள்ளியது.

கூடத்தில் அமலநாதனின் குரல் தொடங்கியது.

தற்செயல் என்று மெரின் நினைத்தாள். அடுத்த முறை கவனித்தாள். புஷ்பமேரி இந்த முறை நடுவில் ஒருதரம் இருமினார். மூச்சு வாங்கி, விட்ட இடத்தில் இருந்து நிதானமாக எடுத்தார். கூடத்தில் இருப்பவருக்கு அந்த இருமல் கேட்டிருக்க வழியில்லை, அது இருமல் மாதிரியே இல்லை, வெறும் காற்று. ஆனாலும் அங்கே மௌனம் நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், யாரோ அதட்டி அடக்கினார்கள். இங்கே விரல் மணியைத் தள்ளியது. அங்கே குரல் எழுந்தது.

கரையே தெரியாத இடத்தில் நின்று அந்த மனிதர் இத்தனை வருஷம் இதைத்தான் பழகியிருக்கிறார் என்று மெரினுக்குத் தோன்றியது. அவரைக் கண்டு பயந்த காலத்தை நினைத்து வெட்கம் வந்தது. அவருடைய மௌனம் வெறும் இடைவெளி இல்லை. அதற்குள் எப்போதும் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்க இடம் இருந்தது.

அவள் அத்தையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பத்து முடிந்தது.

நான்காவதையும் ஐந்தாவதையும் கூட்டம் வாய்விட்டுச் சொன்னது, அடைத்து வைத்ததெல்லாம் திறந்துவிட்ட மாதிரி. முடிந்ததும் மெரின் சுண்டலைக் கிண்ணங்களில் போட ஆரம்பித்தாள். புஷ்பமேரி அவள் கையில் இருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்து, நீலத் துணியைச் சரிசெய்து, கூடத்துக்குப் போய், முதல் கிண்ணத்தை ஆயம்மாவின் முன்னால் டொக்கென்று வைத்தார்.

“திட்டிடுடி” என்றாள் ஆயம்மா. “திட்ட முடியலன்னா அடிச்சாவது தொலை.”

புஷ்பமேரி அவள் கன்னத்தைத் திருகினார். நன்றாகவே திருகினார் போலிருக்கிறது, ஆயம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நாளைக்கு மாதா எங்க வூட்டுக்கு வருது” என்றாள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே. “எனக்குத்தான் ஊட்டுக்காரரு இல்லியே. மூணாவது பத்துல முதல் பாதிய நான் சொல்றேன். மறுபாதி உன்னுது. நீ வரலன்னா நான் அங்கயே வாயத் தொறந்துக்கினு ஒக்காந்திருப்பேன், ஊரே பட்டினி.”

புஷ்பமேரி திரும்பி அமலநாதனைப் பார்த்தார். அவர் டீ கிளாசை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்றோ வேண்டாம் என்றோ அந்த முகத்தில் எதுவும் இல்லை.

மறுநாள் பள்ளி முடிந்து மெரின் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரி நாள் தவிர இந்த வருஷத்தில் அந்தக் கதவு பூட்டி அவள் பார்த்ததில்லை. பையைக்கூட வைக்காமல் பக்கத்துத் தெருவுக்கு நடந்தாள். ஆயம்மாவின் வீடு சின்னது. உள்ளே இடமில்லாமல் ஆட்கள் வாசலிலும் தெருவிலும் நின்றார்கள். லூர்துபிரகாஷ் மதில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தான்.

ஜன்னல் வழியாக உள்ளே அமலநாதனின் முதுகு தெரிந்தது, சுவரோரம், ஆண்கள் வரிசையில் கடைசியில். நடுவில் மாதாவுக்கு எதிரே இரண்டு தலைகள் பக்கத்தில் பக்கத்தில். ஆயம்மாவின் குரல் நடுங்கிக்கொண்டே முதல் பாதியைச் சொல்லி நின்றது. அவ்வளவு பேரும் நின்றார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

எதிர்வீட்டுக்காரி வேம்பு, தண்ணீர்க் கேனை இடுப்பில் வைத்தபடி வந்து கூட்டத்தைப் பார்த்தாள். சத்தமே இல்லாததைப் பார்த்துவிட்டு மெரினின் பக்கம் சாய்ந்தாள்.

“என்னா டீச்சர், ஜெபம் முடிஞ்சிடுச்சா?”

“இல்லக்கா” என்றாள் மெரின். “எங்க அத்தை சொல்லிக்கினு இருக்காங்க.”